மருந்தேற்றிய மரத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்



கடை வாசல் பெஞ்சு, கிட்டங்கி முன் மூட்டை இறக்கும் பலகை, பெயர்ப் பலகையின் சட்டம் என்று வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மரம் நம்மில் பலரிடம் உண்டு. தேக்கு விலைக்குப் பயந்து மருந்தேற்றிய பைன் பலகை வாங்குகிறோம். வாங்குவதில் தவறில்லை. வாங்கிய மறுநாளே பெயிண்ட் அடிப்பதுதான் தவறு. அப்படிச் செய்து கைப்பணம் இழந்தவன் நான்.

பலகைகளை நீண்ட இரும்பு உருளைக்குள் அடுக்கி மூடி, உள்ளே உள்ள காற்றை உறிஞ்சிவிட்டு, மருந்து கலந்த நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்துவார்கள். மரத்தின் வெளிறு அதை நன்றாகக் குடிக்கும். வைரம் பாய்ந்த பாகம் அவ்வளவாகக் குடிக்காது. செம்பு, குரோமியம், ஆர்சனிக் சேர்ந்த மருந்தை 1933-ல் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சோந்தி காமேசம். வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்போருக்காக இதைச் சொல்கிறேன். ஆர்சனிக் என்பது பாஷாணம். அதனால் அமெரிக்காவில் 2003-ம் ஆண்டு முடிவோடு வீட்டு உபயோக மரங்களுக்கு இம்மருந்தை ஏற்றுவதைப் பெரும்பாலும் நிறுத்தி, செம்பு சேர்ந்த வேறு மருந்துகளுக்கு மாறினார்கள்.

உருளையிலிருந்து வரும் பலகை நீரில் ஊறிய பலகை. அந்த ஈரம் வெளியேற வழி வேண்டும். நான் ஆனி மாதம் வாங்கி, மறுநாளே இரண்டு கோட் பச்சை எனாமல் அடித்தேன். வெயிலில் ஈரம் ஆவியாகி, பெயிண்டை உள்ளிருந்து தள்ளியது. தீபாவளிக்குள் அப்பளம்போல் உரிந்துவிட்டது. பெயிண்டர் மேல் கோபப்பட்டேன், அவசரப்படுத்தியது நான்தான்.

பலகைகளுக்கு இடையே ரீப்பர் வைத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்குங்கள். சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். பலகை மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்துப்போல் நின்றால் இன்னும் காயவில்லை. சில நிமிடத்தில் மரம் குடித்துவிட்டால் வேலையைத் தொடங்கலாம்.

மூட்டை உரசும், கால் மிதிக்கும் இடத்துக்கு எனாமல் வேண்டாம். எண்ணெயில் கலந்த ஸ்டெயின் எனும் மரச்சாயமே நல்லது. அது மேலே தோலாக நிற்காமல் மரத்துக்குள் இறங்கும். நாளாவட்டத்தில் வெளுக்குமே தவிர உரியாது. கழுவிக் காயவைத்து மறுபடி பூசலாம், சுரண்டும் கூலி மிச்சம். பெயர்ப் பலகைச் சட்டம் போல நிமிர்ந்து நிற்பவற்றுக்குப் பிரைமர் கொடுத்துப் பெயிண்ட் அடிக்கலாம். பளபளக்கும் சாதா வார்னிஷ் நம் ஊர் வெயிலுக்குத் தாங்காது.

ஆசாரி பலகையை அறுத்தால், அறுத்த முனையில் மருந்து ஏறாத உள்மரம் தெரியும். அங்கே மருந்தைத் தூரிகையால் பூசாவிட்டால் கரையானுக்கு நாமே வாசல் திறந்துவிட்டதாகும். ரப்பர் மரம் மலிவு என்று வெளியில் போடாதீர்கள். அதற்கு வழக்கமாக ஏற்றும் போரான் மருந்து மழையில் கரைந்து போகும்.

அரிசி, பருப்பு, வெல்லம் நேராகப் படும் இடத்துக்கு இந்த மரம் ஆகாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டுவது அவசியம். எங்கள் கிட்டங்கியில் அறுத்த துண்டுகளை ஒரு கோணியில் போட்டு வைத்திருந்தோம். காவல்காரர் அதை வெந்நீர் அடுப்புக்கு எடுத்துப் போனார். வீட்டில் அந்தச் சாம்பலால்தான் பாத்திரம் தேய்ப்பார்களாம். பழைய மருந்து ஏறிய மரத்தை எரித்தால் பாஷாணம் புகையிலும் சாம்பலிலும் தங்கும். அடுப்பு மூட்டும் முன் தற்செயலாகப் பார்த்ததால் தப்பினோம். அவரிடம் நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பலகை வாங்கும்போது என்ன மருந்து ஏற்றியது என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஐ.எஸ். 401 என்ற இந்தியத் தரக் குறிப்பு மரம் பதப்படுத்துவதற்கு உள்ளது. அதைப் பற்றிக் கேட்டதும் முகம் சுளிக்கும் கடையில் நான் வாங்குவதில்லை.