முத்து நகருக்கு வரும் புதுமணப் பிள்ளைகளுக்கு

கல்யாணம் முடிந்த கையோடு மூன்று நாள் லீவு போட்டு, ஊர் பார்க்கவும் நாலு சாமான் வாங்கவும் தூத்துக்குடிக்கு வரும் பிள்ளைகள் இப்போது கூடியிருக்கிறார்கள். பாங்காக், பாலி என்று பறக்கிற காலத்தில் இந்த உப்புக்காற்றைத் தேடி வருவது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பாதிப் பேர் 'முத்து நகர்' என்ற பெயரை நம்பி, இங்கே இல்லாததைத் தேடி அலைந்துவிட்டு, இருப்பதைப் பார்க்காமலே ரயிலேறிவிடுகிறார்கள். வீட்டில் வந்து தங்கிய சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு வாய்வார்த்தையாகச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். வரிசை, ஞாபகம் வந்தபடி.

1. நாள் பார்த்து வாருங்கள். முகூர்த்த நாள் அல்ல, கடலுக்கு ஏற்ற நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் வரும், விலைதான் கையைக் கடிக்கும். ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா. அப்போது லாட்ஜில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. கூட்டம் பிடிக்குமென்றால் அதற்காகவே வாருங்கள், பிடிக்காதென்றால் அந்த நாட்களில் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வானிலை அறிக்கை பார்க்காமல் டிக்கெட் போட வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. தை பிறந்து பங்குனிக்குள் வந்தால் வெயிலும் பொறுக்கும், உப்பளத்திலும் வேலை தொடங்கியிருக்கும்.

2. வாகைகுளம் விமான நிலையத்துக்கு 2025-ல் புது முனையம் வந்துவிட்டது. இருந்தாலும் சென்னையிலிருந்து முதல் தடவை வருகிறவர்கள் முத்துநகர் எக்ஸ்பிரஸில்தான் வர வேண்டும் என்பது என் கட்சி. விடிகாலையில் வாஞ்சி மணியாச்சி வரும்போது விழித்துக்கொள்ளுங்கள். 1911-ல் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட ஸ்டேஷன் அது. அந்தக் கோபம் மூண்ட கதையில் பாதி, நீங்கள் இறங்கப்போகிற ஊரில் நடந்தது. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் அது நசுக்கப்பட்டதும் இங்கேதான்.

3. முத்து. புதுப்பெண்ணுக்கு ஒரு மாலை வாங்கிவிட வேண்டும் என்றுதான் எல்லா மாப்பிள்ளைகளும் வருகிறார்கள். தம்பி, உடைத்தே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடலில் அரசாங்கம் 1955-லிருந்து நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. அதன் பிறகு குளிப்பு நடத்துகிற அளவுக்குக் கடலடிப் பார்களில் சிப்பி தேறவில்லை. கல்லில் கால் ஊன்றி, கயிற்றைப் பிடித்து, மூச்சடக்கி இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேறு வேலை பார்க்கிறார்கள். கடையில் கண்ணாடிக்குப் பின்னால் மின்னுகிற மாலைகள் பெரும்பாலும் சீனத்து நன்னீர்க் குளங்களில் வளர்ந்தவை.

அதற்காக வாங்கவே கூடாது என்றில்லை. வளர்ப்பு முத்தும் முத்துதான். இந்தியாவிலேயே முதன்முதலாக உருண்டையான வளர்ப்பு முத்தை 1973-ல் உருவாக்கிக் காட்டியது தூத்துக்குடியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். ஆனால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். 'நம்ம கடல்ல குளிச்சு எடுத்தது' என்று யாராவது விலையை ஏற்றினால், சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிடுங்கள். பல்லின் விளிம்பில் மெதுவாக உரசிப் பாருங்கள். நெருநெருவென்றால் முத்து, வழுக்கிக்கொண்டு போனால் பூச்சுப் பூசிய மணி. கோத்த துளையின் வாயையும் பாருங்கள், பூச்சு முதலில் பெயர்வது அங்கேதான். இந்தச் சோதனை எல்லாம் முத்தா போலியா என்பதோடு சரி. தானாக விளைந்ததா, வளர்த்ததா என்பதைப் பல்லால் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எந்த வகை முத்து என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில், அவர்கள் வாங்கிக் கொடுத்த காபிக்கு முகம் பார்த்துக்கூட வாங்க வேண்டாம்.

முத்தின் கதையைத் தெரிந்துகொள்ள ஏரல் பக்கம் கொற்கைக்குப் போங்கள். பாண்டியர்களின் துறைமுகம். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் பல கிலோமீட்டர் விலகிப்போய், இன்று வயல்களுக்கு நடுவே சின்ன ஊராகக் கிடக்கிறது. ஒரு பழைய வன்னிமரமும் குளமும் தவிர காட்டுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. அரை மணி நேரம் போதும். ஆனால் கப்பல் வந்த இடத்தில் நின்று கடல் எந்தத் திசையில் என்று வழி கேட்கிற அனுபவம் வேறு எந்த ஊரில் கிடைக்கும்?

4. குளிக்கிற தொழில் அற்றுப்போய்விடவில்லை. திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தக் கடலின் சங்கு வங்காளத்துக்குப் போய்க் கல்யாணப் பெண்களின் கையில் வளையலாகிறது. பூசைக்கு ஒன்று வாங்கலாம். வெளிச்சத்துக்கு நேரே திருப்பிப் பாருங்கள், அரித்த துளையை மெழுகு வைத்து அடைத்திருப்பதும் உண்டு. மலிவாக வலம்புரி என்று நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகருங்கள். அமெரிக்கக் கரையில் ஒருவகைச் சங்கு இயல்பிலேயே வலம்புரி போலச் சுழிந்து வளரும். அதைக் கொண்டுவந்து வலம்புரி என்று தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

5. பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடல்குதிரை, கடல் அட்டை: காசு கொடுத்தாலும் சரி, கரையில் கிடந்தாலும் சரி, தொடாதீர்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறைத்தண்டனை உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. 'வான் தீவுக்குக் கூட்டிப்போறேன்' என்று யாராவது படகைக் காட்டினாலும் ஏறாதீர்கள். துறைமுகத்தை ஒட்டிய முயல் தீவுக்குச் சாலை வழியாகவே போகலாம், அது போதும். துறைமுகத்துக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் விட மாட்டார்கள், வாசலில் நின்று வாதாட வேண்டாம். பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றுகிற தோணிகளைக் கடற்கரைச் சாலையிலிருந்தே பார்க்கலாம்.

6. ஜவுளிக்கடை வாசலில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாப்பிள்ளைகளை டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் தினமும் பார்க்கிறேன். அம்மா, அந்தச் சேலை உங்கள் ஊர்க் கடையிலும் தொங்குகிறது. மூன்று நாளில் அரை நாள் கடைக்கு, மீதி ஊருக்கு என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சண்டை வரத்தான் செய்யும், பசியோடு சண்டை போடாதீர்கள்.

7. 'நைட் கிளப்' என்ற பலகையைப் பார்த்து மிரள வேண்டாம். இங்கே ராத்திரிப் பரோட்டாக் கடைக்கு அதுதான் பெயர். பொரிச்ச பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை மூழ்க ஊற்றிச் சாப்பிடுங்கள். 'நைட் கிளப் போனோம்' என்று மாமியாருக்குப் போன் மட்டும் பண்ணிவிடாதீர்கள்.

8. ஒரு விடியற்காலை உப்பளத்துக்கு. முள்ளக்காடு பக்கமோ வேப்பலோடை பக்கமோ, ஆட்டோவுக்குப் போகவர வாடகை பேசிக்கொண்டு கிளம்புங்கள். உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு, அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில். வெயில் ஏறுமுன் பெண்கள் பாத்தியிலிருந்து வாரிய உப்பைத் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கண்கூச்சத்தில் வருஷக்கணக்காக நின்று பார்வை மங்கியவர்கள் அவர்களில் உண்டு. கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். பாத்தி வரப்பில் செருப்போடு ஏறாதீர்கள். புதுக்குடித்தனத்துக்கு முதலில் போகிற சாமான் உப்பும் மஞ்சளும்தானே? ஊருக்குள் வந்து ஒரு பை கல்லுப்பு வாங்குங்கள். முத்துமாலையை விட அது இந்த ஊர்ச் சரக்கு.

9. தெற்கே ஒரு நாள். திருச்செந்தூர் 40 கிலோமீட்டர். பன்னீர் இலை விபூதியைச் சட்டைப்பையில் மடித்து வைக்காமல் தனியாக வையுங்கள், இலை நொறுங்கிவிடும். அங்கிருந்து உடன்குடி. அதன் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடைந்த இடத்தில் சீனி மின்னினால் கலப்படம், மங்கலாக இருந்தால் சரி. சுக்கு போட்ட சில்லுக்கருப்பட்டியும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். பொழுது சாயும் நேரம் மணப்பாடு போய்விடுங்கள். மணல்மேட்டில் 1581-ல் எழுந்த திருச்சிலுவைக் கோயில், கீழே பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம். புதுமணப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் இந்தக் கரையில் எனக்குத் தெரியாது.

10. வடக்கே பாஞ்சாலங்குறிச்சியில் நிற்பது 1974-ல் கட்டிய நினைவுக்கோட்டை, பழையதை வெள்ளைக்காரன் தரைமட்டமாக்கிவிட்டான். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு. நேரம் இருந்தால் மட்டும்.

11. கொழும்புக்குக் கப்பல் உண்டா என்று கேட்கிறார்கள். 2011 ஜூனில் ஒன்று ஓடியது, நவம்பரிலேயே நின்றுபோனது. இப்போது கப்பலில் இலங்கை போக நாகப்பட்டினத்துக்குத்தான் போக வேண்டும்.

12. மக்ரூனைக் கடைசி நாள் வாங்குங்கள், அதுவும் ரயிலுக்குக் கிளம்புகிற மாலையில். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, மூன்றே சாமான். போர்த்துக்கீசியர் வழியாக வந்த பண்டம் என்பார்கள். வாதுமைக்குப் பதிலாக முந்திரி சேர்ந்து நம் ஊர்ப் பண்டம் ஆகிவிட்டது. கூம்பின் நுனி முறியாமல், வாயில் போட்டதும் பொரபொரவென்று கரைய வேண்டும். பல்லில் ஒட்டினால் பழையது. கடல்காற்று பட்டால் நமுத்துவிடும் என்பதால் முதல் நாளே வாங்கி அறையில் வைக்காதீர்கள். சைவ வீட்டுக்குக் கொடுக்கும்போது முட்டை இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். பெட்டிக்குள் திணித்தால் தூள்தான் மிஞ்சும், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மதுரை தாண்டும் வரை இரண்டு பேரும் டப்பாவைத் திறக்காமல் இருந்தால், வீட்டுக்கும் கொஞ்சம் போய்ச் சேரும்.