கம்ப்யூட்டரை மாற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லையா?

வேலணையில் கராஜ் நடத்துகிறேன். குறிகட்டுவான் இறங்குதுறைக்கு நயினாதீவுப் பயணிகளை ஏற்றிப் பிழைக்கும் ஒருவரின் வேனில் எஞ்சின் கம்ப்யூட்டர் பழுதானது. பாவித்த ஒன்றை வாங்கிப் பூட்டினேன். எஞ்சின் பிடித்து, இரண்டு செக்கனில் நின்றது. இதுவும் பழுதென எண்ணி இன்னொன்று வாங்கச் சொன்னேன். அதுவும் அப்படியே. அவருக்கு இரண்டு வார உழைப்பு போனது.

பிழை என்னுடையது. இம்மொபிலைசர் உள்ள வாகனத்தின் திறப்பில் சிறு சிப் உண்டு. அதன் இரகசிய இலக்கம் கம்ப்யூட்டரில் பதிந்திருந்தால்தான் எஞ்சின் ஓடும். வேறு வாகனத்தின் கம்ப்யூட்டருக்கு நம் திறப்பு கள்ளத் திறப்புத்தான்.

ஆகவே இந்த ஒழுங்கில் பாருங்கள்:

1. பற்றரி 12.4 வோல்ட்டுக்குக் குறைந்தால் முதலில் சார்ஜ் செய்யுங்கள்.

2. பியூஸ்களையும் எர்த் வயரையும் பாருங்கள். தீவகத்தின் உப்புக்காற்றில் எர்த் முனை விரைவில் கறள் பிடிக்கும்.

3. கம்ப்யூட்டரின் பாக இலக்கம் பழையதுடன் ஒத்திருக்க வேண்டும்.

4. செக்கியூரிட்டி விளக்கு மினுங்கினால், ஸ்கேனர் மூலம் திறப்பைப் பதிய வேண்டும்.

சில வகைகளில் புதிதாகப் பதிய முடியாது. பழைய கம்ப்யூட்டரின் பதிவையே மாற்ற வேண்டும். எனவே பழையதை எறியாதீர்கள். வாங்கும்போது கம்ப்யூட்டர், இம்மொபிலைசர், திறப்பு மூன்றையும் ஒரே வாகனத்திலிருந்து கேளுங்கள்.

இரண்டாவது கம்ப்யூட்டரின் விலையை நானே ஏற்றேன். நட்டம்தான், ஆனால் அவர் இன்றும் என்னிடமே வருகிறார்.