செல்ஃப் எடுக்கவில்லையா? தள்ளுவதற்கு முன் ஒரு நிமிடம்

காலையில் முதல் டாக்டரைப் பிடிக்க ஓடும் மெடிக்கல் ரெப், மதிய நேர ஆர்டரை நம்பியிருக்கும் டெலிவரி தம்பி, ஏரியா ஏரியாவாக வசூலுக்குச் சுற்றுகிறவர் – இவர்களுக்கெல்லாம் பைக் நின்றால் அன்றைய வேலையும் நின்றது. பட்டனை அழுத்தி செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் பலரும் யோசிக்காமல் தள்ள ஆரம்பித்துவிடுகிறார்கள். சட்டை நனைந்ததுதான் மிச்சம். கடைசியில் மெக்கானிக்கைத்தான் கூப்பிடுகிறார்கள். எந்த வண்டி தள்ளினால் கிளம்பும், எது கிளம்பாது என்று முன்பே தெரிந்திருந்தால் நேரமும் மூச்சும் மிச்சமாகும்.

காதுதான் முதல் கருவி. பட்டனை அழுத்தும்போது ‘டிக் டிக்’ என்று மட்டும் கேட்டு, ஹாரனும் ஈனஸ்வரத்தில் அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது அதன் டெர்மினல் லூஸாகவோ பூத்துப்போயோ இருக்கிறது. டெர்மினலை ஒரு திருகு திருகி இறுக்கிப் பாருங்கள். அதிலேயே கிளம்பிவிட்டால் தள்ள வேண்டியதில்லை. ஹாரன் கணீரென்று அடிக்கிறது, பட்டனுக்கு மட்டும் சத்தமே இல்லை என்றால் சிவப்பு கில் சுவிட்சைப் பாருங்கள். பார்க்கிங்கில் யாராவது தட்டிவிட்டிருப்பார்கள். சைடு ஸ்டாண்டு முழுசாக மடங்கியிருக்கிறதா, கிளட்சைப் பிடித்தபடி அழுத்தினீர்களா என்பதையும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் மௌனம்தான் என்றால் ரிலேவோ ஸ்டார்ட்டர் மோட்டாரோ போயிருக்கலாம். தள்ளிக் கிளப்புவதற்கு ஏற்ற பழுது இதுதான். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் தள்ளவே தள்ளாதீர்கள். கோளாறு பெட்ரோலிலோ பிளக்கிலோ இருக்கும்.

அடுத்து, உங்கள் வண்டி எந்த ரகம்? 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்தபின் விற்கப்படும் பைக்குகளில் பெரும்பாலானவை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். பெட்ரோலை ஏற்றும் பம்புக்கும், அதை அளந்து விடும் கம்ப்யூட்டருக்கும் பேட்டரி கரண்ட் வேண்டும். சாவியைத் திருப்பியதும் டேங்கிலிருந்து ஓரிரு விநாடி ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வருகிறதா? வந்தால் தள்ளலாம். மீட்டரில் வெளிச்சமும் இல்லை, பம்புச் சத்தமும் இல்லை என்றால் எவ்வளவு தள்ளினாலும் வீண். பழைய கார்புரேட்டர் வண்டிகள் இந்த விஷயத்தில் பொறுமைசாலிகள். பேட்டரி நன்றாகவே இறங்கியிருந்தாலும் சில கிளம்பிவிடும். கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. அதன் கிளட்ச் இன்ஜின் வேகம் எடுத்தால்தான் ஒட்டும். சக்கரத்தைச் சுற்றினால் இன்ஜின் சுற்றாது. கிக்கர் இருந்தால் மிதியுங்கள், இல்லையேல் மெக்கானிக்தான்.

தள்ளுவது என்று முடிவானால் முதலில் ஆபீசுக்கு ஒரு வார்த்தை: ‘வண்டி ஸ்டார்ட் ஆகலை சார், பத்து நிமிஷத்துல சொல்றேன்.’ வியர்த்து விறுவிறுத்து, தாமதமான பிறகு சொல்வதைவிட இது உங்கள் பேரைக் காப்பாற்றும். கையில் ஆர்டர் இருந்தால் அதையும் உடனே தெரிவித்துவிடுங்கள்.

பையை இறக்கி வையுங்கள். மேம்பாலத்திலோ எதிர்வரும் வண்டிகளுக்கு நடுவிலோ வேண்டாம். சரிவான ஒரு தெரு பக்கத்தில் இருந்தால் பாதி வேலையை அதுவே செய்துவிடும். சாவி ஆன், கில் சுவிட்ச் ஆன், சைடு ஸ்டாண்டு மேலே. கியர் இரண்டாவது. ஃபர்ஸ்ட் கியரில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ரோட்டைத் தேய்க்கும்; மழை ஈரமாக இருந்தால் மூன்றாவதே நல்லது. கியர் விழ மறுத்தால் வண்டியை முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள். கிளட்சை முழுக்கப் பிடித்தபடி வண்டிக்கு இடப்பக்கமாக ஓடுங்கள். நடை வேகம் போதாது, மணிக்குப் பத்து கிலோமீட்டராவது வேண்டும். அந்த வேகம் வந்ததும் சீட்டில் தொப்பென்று உட்கார்ந்து, அதே நொடியில் கிளட்சை விடுங்கள். உங்கள் எடை பின்சக்கரத்தில் இறங்கினால்தான் டயர் ரோட்டைப் பிடித்து இன்ஜினைச் சுற்றும். இன்ஜின் ஒரு உதறு உதறிப் பிடித்ததும் கிளட்சை மறுபடி பிடியுங்கள்; தாமதித்தால் வண்டி பாயும். கொஞ்சம் ஆக்சிலரேட்டர், முன் பிரேக்கில் விரல், பிறகு நியூட்ரல்.

ஆள் துணை கிடைத்தால் ஓடவே வேண்டாம், நீங்கள் சீட்டிலேயே உட்கார்ந்துகொள்ளலாம். தள்ளுபவர் பின்னாலுள்ள கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கட்டும், டெயில் லைட்டில் கை வைக்க வேண்டாம். கிளட்சை விட்டதும் வண்டி சட்டென்று வேகம் குறைந்து அவர் மோதிவிடக்கூடும். ‘விடப்போறேன் அண்ணே!’ என்று முன்கூட்டியே குரல் கொடுங்கள். மூன்று முறை முயன்றும் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய், அதற்குள் இருக்கும் விலையுயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

கிளம்பிவிட்டால் அணைக்காமல் அரை மணியாவது ஓட்டுங்கள். நின்ற இடத்தில் உறும விடுவதால் பேட்டரி அவ்வளவாக ஏறாது. ஹெட்லைட்டை அணைத்து மிச்சம் பிடிக்கவும் வழியில்லை. 2017 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடினாலே விளக்கு எரியும். மொபைல் சார்ஜரையாவது கழற்றிவையுங்கள்.

செல்ஃப் படுத்துக்கொள்வதில் டெலிவரி வேலைக்கும் பங்கு உண்டு. ஒரு தெருவுக்கு ஒரு முறை நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் ஒவ்வொரு முறையும் பேட்டரியிலிருந்து எடுக்கிறீர்கள். அடுத்த வாசலுக்குள் அது திரும்ப ஏறுவதில்லை. அதனால் மாதம் ஒருமுறை மெக்கானிக் ஷாப்பில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி தெம்பாக இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் காலியாகிவிட்டது. இன்ஜினைக் கொஞ்சம் முடுக்கும்போது 13.5-க்கும் 14.5-க்கும் நடுவே காட்ட வேண்டும். அது காட்டவில்லை என்றால் புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் சில நாளில் அதுவும் இறங்கும். சார்ஜ் ஆகாத காரணத்தைப் பார்த்தாக வேண்டும். பணியாளர்களை வண்டியோடு வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் இந்தச் செலவில் பங்கேற்பதுதான் நியாயம். கேட்கத் தயங்காதீர்கள்.

வேலைக்கென்று வண்டி வாங்கப் போகிறீர்களா? கிக்கர் உள்ளதாகப் பாருங்கள். ஸ்ப்ளெண்டரில் இன்னும் இருக்கிறது, எடையும் 112 கிலோதான். 2021-இல் வந்த கிளாசிக் 350-இல் கிக்கர் இல்லை, எடை 195 கிலோ. தனியாளாய் அதைத் தள்ளி ஓடுவது சுலபமல்ல. செகண்ட் ஹேண்டு என்றால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்துகாட்டச் சொல்லுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால், ஆறிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மாலையில் போங்கள்.