எழுதாத தேர்வுக்கு மதிப்பெண்

பள்ளியை விட்டுப் பிரியும் வகுப்பினர் தாங்கள் ஒன்றாகக் கழித்த ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்து எழுதுவது ஆண்டு மலருக்குப் புதிதன்று. ஆனால் 2021இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவியருக்கு, அந்தத் திரும்பிப் பார்க்கும் வேலையை அரசே செய்தது. அதுவும் கணக்குப் போட்டுச் செய்தது. இன்று மேல்நிலை வகுப்புகளில் இருக்கும் நீங்கள் அந்தக் கணக்கை அறிந்துகொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் மேல்நிலைப் பொதுத்தேர்வு முதன்முதலாக நடந்தது 1980 மார்ச்சில். பள்ளி வாழ்வின் கடைசிப் படி அதுதான் என்று அன்று முதல் ஆயிற்று. நான் சொல்லும் வகுப்பினர் 2019இல் பத்தாம் வகுப்புத் தேர்வை எல்லோரையும் போலவே எழுதினார்கள். மறு ஆண்டு பதினோராம் வகுப்புத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோதே கொரோனா வந்துவிட்டது. 2020 மார்ச் 26ஆம் நாள் நடக்கவிருந்த வேதியியல், கணக்குப்பதிவியல், புவியியல் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டன. அவற்றுக்குரிய மதிப்பெண்ணில் 80 விழுக்காடு காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்தும் 20 விழுக்காடு வருகைப் பதிவிலிருந்தும் வந்தது. வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் தங்கிவிட்ட நாளுக்கும் (யார் யார் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்) கணக்கு வந்துவிட்டது!

பிறகு பள்ளிகள் நெடுநாள் மூடிக் கிடந்தன. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடந்தது. கைப்பேசியிலும் நடந்தது, ஆனால் சோழவந்தான் சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் இருப்பது ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அம்மாவுக்குத் துணையாகக் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போன பிள்ளைகளும் உண்டு. 2021 ஜனவரி 19ஆம் நாள் வகுப்புகள் திறந்தபோது, முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களைக் கொண்டுதான் இன்னார் என்று கண்டுகொண்டோம். ஏப்ரலில் செய்முறைத் தேர்வு மட்டும் முடிந்தது. தொற்று மறுபடி ஏறியது. பொதுத்தேர்வே இல்லை என்று ஜூன் 5ஆம் நாள் அரசு அறிவித்தது.

அப்படியானால் மதிப்பெண்? பத்தாம் வகுப்பில் மிகுதியாக வாங்கிய மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 விழுக்காடு. பதினோராம் வகுப்பு எழுத்துத் தேர்விலிருந்து 20. பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30. இதுதான் வாய்பாடு. ஜூலை 19ஆம் நாள் முடிவு வந்தது. ஏறத்தாழ 8 லட்சத்து 16 ஆயிரம் பேரும் தேர்ச்சி.

இரண்டு மாணவியரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருத்தி பத்தாம் வகுப்பில் 90 வாங்கினாள், அடுத்த ஆண்டு 60க்கு இறங்கினாள். 45, 12, அகமதிப்பீடு முழுதாக 30, ஆக 87. மற்றொருத்தி பத்தாம் வகுப்பில் 60, அடுத்த ஆண்டு உழைத்து 80. அவளுக்கு 30, 16, 30, ஆக 76. ஏறிக்கொண்டிருந்தவளுக்குக் குறைவு, இறங்கிக்கொண்டிருந்தவளுக்கு அதிகம்! மதிப்பெண் போதாது என்று எண்ணியவர்கள் தேர்வு எழுதலாம் என்று வழி விட்டிருந்தது உண்மை. நோய்க்காலத்தில் தேர்வைக் கைவிட்டது சரியே என்பதுதான் என் கருத்தும். ஆனாலும் பதினைந்து வயதில் எழுதிய தேர்வு பதினேழு வயதுப் பெண்ணின் பாதி மதிப்பெண்ணைத் தீர்மானித்ததை எண்ணி அன்று வருந்தினேன்.

இங்கிலாந்தில் 2020 ஆகஸ்டில் நடந்தது இதைவிட மோசம். அங்கே ஒவ்வொரு பள்ளியின் முந்தைய ஆண்டு முடிவுகளையும் கணினிக் கணக்கில் சேர்த்தார்கள். ஆசிரியர்கள் மதிப்பிட்ட தரங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்துபோயின. மாணவர்கள் தெருவுக்கு வந்து போராட, நான்கே நாளில் அந்தக் கணக்கைக் கைவிட்டார்கள். அக்காமார் வாங்கிய மதிப்பெண்ணுக்காகத் தங்கைமாரைக் குறைக்கலாமா? நம் பிள்ளைகளுக்கு அவரவர் பழைய உழைப்பாவது கணக்கில் வந்தது.

மதிப்பெண் பட்டியல் வாங்க அவர்களைச் சிறு சிறு குழுக்களாகத்தான் அழைத்தோம். பிரிவு உபசார விழா இல்லை, வகுப்புப் புகைப்படம் இல்லை. வேப்பமரத்தடியில் பத்துப் பேர் தள்ளித் தள்ளி நின்றுகொண்டு, "டீச்சர், ஒரே ஒரு தடவை அட்டென்டன்ஸ் எடுங்க" என்றார்கள். பதிவேட்டை எடுத்துவந்து முதல் பெயரிலிருந்து படித்தேன். வந்திருந்தவர்கள் "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். வராதவர்களின் பெயருக்கும் யாராவது ஒருத்தி குரல் கொடுத்தாள். வேறொரு நாளென்றால் அதற்குத் திட்டியிருப்பேன். அன்று கடைசிப் பெயர் வரை படித்தேன்.