செங்காந்தள்: மருந்தும் நஞ்சும்

நமது மாநில மலராகிய செங்காந்தளை அங்கத்தினர் பலரும் அறிவர். கார்த்திகைப் பூ என்றும், கிழங்கின் வடிவம் பற்றிக் கலப்பைக்கிழங்கு என்றும், கண்வலிக்கிழங்கு என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. வேலிகளில் தானே படர்ந்த இக்கொடி, மருந்துக்காகக் கிழங்கு தோண்டப்பட்டு இயற்கையில் அருகி வருகிறது. எனினும் மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் வட்டாரங்களில் விவசாயிகள் இதனை விதைக்காகப் பயிரிடுகின்றனர். சூல்தண்டு பக்கவாட்டில் வளைந்து மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்பதால், காலை வேளையில் கையாலேயே மகரந்தம் சேர்க்கின்றனர்.

சத்துப் பொருள்கள்

செடியின் எல்லா உறுப்புகளிலும் கால்சிசின் என்னும் ஆல்கலாய்டு உண்டு. கிழங்கைக் காட்டிலும் விதையில் அது மிகுதி. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பியச் செடி ஒன்றிலிருந்து 1820-ஆம் ஆண்டில் பிரெஞ்சு இரசாயனிகள் பெல்லெட்டியே, காவந்து ஆகிய இருவர் இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். விதையிலுள்ள மற்றொரு பொருளாகிய கால்சிகோசைடிலிருந்து, தசைப்பிடிப்பைத் தளர்த்தும் மருந்து செய்யப்படுகிறது.

மருத்துவப் பயன்

யூரிக் அமிலம் மூட்டுகளில் படிகமாகத் தங்கும்போது, இரத்த வெள்ளணுக்கள் அங்கே திரண்டு வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குகின்றன. கால்சிசின் அவ்வணுக்களின் நடமாட்டத்தைத் தடுத்து வலியைத் தணிக்கிறது. யூரிக் அமிலத்தை அது குறைப்பதில்லை. இருதய நோயாளிகள் சிலருக்கு நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் அளவில் இதனைக் கொடுக்க 2023-இல் அமெரிக்காவில் அனுமதி அளிக்கப்பட்டது.

எச்சரிக்கை

அந்த 0.5 மில்லிகிராம் என்னும் அளவைக் கவனிக்க வேண்டும். 7 மில்லிகிராம் உட்கொண்டோரும் இறந்ததுண்டு. வேகவைப்பதால் இந்நஞ்சு நீங்காது. இலங்கையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கென்று எண்ணி இதனை உண்டு மாண்டோர் உளர். உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தோன்றும். பின்னர் உறுப்புகள் செயலிழக்கும். இடையில் சற்றுத் தெளிந்தாற்போல் தோன்றினும் ஏமாறலாகாது. உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. சித்த வைத்தியர் இக்கிழங்கை முறைப்படி சுத்தி செய்த பின்னரே கையாளுகின்றனர். ஆகவே, தறிக்குழியில் நெடுநேரம் அமர்ந்து முழங்கால் வலி கொண்ட நெசவாளர் எவரும் இதனைத் தாமே அரைத்து உண்ண முற்படலாகாது.

சங்கம் செய்யத்தக்கன

விதைக்கிழங்குகளை உணவுப் பொருள்களோடு ஒரே கிடங்கில் வைத்தல் கூடாது. மூட்டைகளில் ‘நஞ்சு’ என்று எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். சிவந்த விதைகள் குழந்தைகளின் கைக்கு எட்டலாகாது. விதை உரித்தோர் கைகழுவிய பின்னரே உணவு கொள்ள வேண்டும். விலை ஆண்டுதோறும் ஏறி இறங்கும் பொருளாகையால், தனித்தனியே வியாபாரியிடம் செல்லாமல் சங்கத்தின் வழியே ஒன்றுசேர்ந்து விற்றலே நலம். விதையின் மதிப்பு அதிலுள்ள கால்சிசினைப் பொறுத்தது. ஆகவே, மாதிரியைப் பரிசோதனைச் சாலையில் சோதித்து, அளவை எழுத்தில் பெற்ற பின்னரே விலை பேசுக.

— கூட்டுறவு ஆய்வாளர், ராயப்பேட்டை