பேப்பர் சிக்கினால் பதற வேண்டாம்



இந்த இதழில் கணக்குப் பாடம் இல்லை, மெஷின் பாடம். நம் கூட்டமைப்பு அலுவலக ஜெராக்ஸ் மெஷின் பழையது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஒரு குழு வங்கிக் கடனுக்கு மனு போட வேண்டும் என்றால் எல்லா உறுப்பினரின் ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம், தீர்மான நகல் என்று ஐம்பது தாளுக்குக் குறையாது. வெளியில் எடுத்தால் அந்தக் காசு உறுப்பினர் கையிலிருந்துதான் போகும். அதற்காகத்தான் மெஷினே வாங்கினோம். ஆனால் மனு கொடுக்கும் நாள் பார்த்துத்தான் அது பேப்பரைக் கடித்துக்கொண்டு நிற்கும். "அக்கா, மெஷின் நின்னுபோச்சு, தொட்டா ஷாக் அடிக்குமோன்னு பயமா இருக்கு" என்று எங்களுக்குப் போன் வரும். டவுனிலிருந்து மெக்கானிக் வருவார், கதவைத் திறப்பார், ஒரு தாளை உருவுவார், 500 ரூபாய் வாங்கிக்கொள்வார். "பொம்பளைங்க கை வச்சா மெஷின் கெட்டுடும்" என்று ஒரு பேச்சையும் இலவசமாகப் போட்டுவிட்டுப் போவார். அந்த உருவுகிற வேலையை நாமே செய்யலாம்.

பேப்பர் சிக்குவது நம் மெஷினுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. அமெரிக்காவில் 1959-இல் ஜெராக்ஸ் கம்பெனி '914' என்ற மெஷினைக் கொண்டுவந்தது. அதில் தாள் சிக்கினால் சூட்டில் கருகிவிடும் என்று, மெஷினோடு ஒரு சின்ன தீயணைப்பானையும் சேர்த்தே கொடுத்தார்களாம்! நம் மெஷின் அந்த அளவுக்கு மோசம் இல்லை.

தாள் போகும் வழி

தாள் போகும் வழியை ஊர் பஸ் ரூட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். டிரே என்பது பஸ் ஸ்டாண்ட். அதன் மேலே இருக்கும் ரப்பர் உருளை மேல் தாளை உள்ளே இழுக்கும். இரண்டு தாள் சேர்ந்து வந்தால் ஒன்றை மட்டும் விட்டு மற்றதைப் பிடித்து வைக்க அங்கேயே ஒரு ரப்பர் பட்டையோ இன்னொரு உருளையோ இருக்கும். அடுத்த நிறுத்தத்தில் இரண்டு உருளைகள் தாளை ஒரு கணம் நிறுத்தி, நேராக்கி அனுப்பும். பிறகு டிரம். இங்கேதான் கறுப்புப் பொடி, அதாவது டோனர், தாளில் ஒட்டும். கடைசியாக சூட்டு உருளை. கிட்டத்தட்ட 180, 200 டிகிரி சூட்டில் பொடியை உருக்கித் தாளில் பதிய வைக்கும். அப்புறம் வெளியே.

வழி நெடுக பிளாஸ்டிக் நாக்கு போல சின்னச் சின்ன நெம்புகள் உண்டு. தாள் வந்ததா, போனதா என்று மெஷினுக்குச் சொல்வது இவைதான். நேரத்துக்கு வரவில்லை, நேரத்துக்குப் போகவில்லை என்றால் மெஷின் நின்றுவிடும். சிக்கிய தாளை எடுத்த பிறகும் விளக்கு அணையவில்லையே என்று பலர் கேட்கிறீர்கள். பெரும்பாலும் நகக்கண் அளவு கிழிசல் ஒன்று அந்த நாக்கின் கீழே கிடக்கும்.

சிக்கினால் செய்ய வேண்டியது

முதலில் மெஷின் முகப்பில் எந்த இடத்தில் விளக்கு எரிகிறது, என்ன எண் காட்டுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆஃப் செய்துவிட்டால் சில மெஷினில் அது மறைந்துபோகும். பிறகு ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். வளையல், முந்தானை, கழுத்துச் செயின் எல்லாம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

டிரேயை வெளியே இழுத்துப் பாருங்கள். அங்கே இல்லை என்றால் பக்கக் கதவைத் திறங்கள். பச்சையிலோ நீலத்திலோ இருக்கும் பிடிகளும் திருகுகளும் நாம் தொடுவதற்கென்றே வைத்தவை. அவற்றைத் திருப்பினால் தாள் தளரும். இரண்டு கையாலும் தாளின் இரண்டு ஓரத்தையும் பிடித்து, தாள் போகும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று ஒற்றைக் கையால் இழுத்தால் கிழியும். கிழிந்தால் எல்லாத் துண்டையும் தரையில் சேர்த்து வைத்து, முழுத் தாள் ஆகிறதா என்று பாருங்கள். ஒரு மூலை குறைந்தாலும் அது உள்ளேதான் இருக்கிறது.

சூட்டு உருளைப் பக்கம் சிக்கியிருந்தால் அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். தோசைக்கல்லில் கை வைப்பதும் அதில் கை வைப்பதும் ஒன்றுதான். வங்கி மூடிவிடுமே என்று அவசரப்பட வேண்டாம், மனுவை மறுநாளும் கொடுக்கலாம். பளபளவென்று பச்சையாகவோ நீலமாகவோ இருக்கும் டிரம்மைத் தொடவே கூடாது, வெளிச்சம் படும்படி திறந்தும் வைக்கக் கூடாது. பழைய மெஷினில் டிரம் பக்கத்தில் தலைமுடி போல ஒரு கம்பி ஓடும், அதையும் தொடாதீர்கள். கத்தரிக்கோல், ஹேர்பின், கத்தி எதையும் உள்ளே விடக் கூடாது.

பாதி வழியில் எடுத்த தாளில் பொடி பதியாமல் இருக்கும், புடவையில் ஒட்டிக்கொள்ளும். உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் விட்டால் கறை பிடித்துக்கொள்ளும்.

ஏன் சிக்குகிறது?

தாளின் முன் ஓரம் எங்கே நின்றது என்று பாருங்கள், காரணம் பாதி தெரிந்துவிடும். டிரேயை விட்டே நகரவில்லை, அல்லது கொஞ்சம் நகர்ந்து நின்றது என்றால் இழுக்கும் உருளையில் தாள் தூசி படிந்திருக்கும். இரண்டு மூன்று தாள் ஒன்றாகப் போயிருந்தால் தாள் ஈரமாக இருக்கும், அல்லது பிரிக்கும் ரப்பர் தேய்ந்திருக்கும். கோணலாகப் போய்ச் சிக்கினால் டிரேயின் பக்கத் தடுப்பு தளர்ந்திருக்கிறது. தடுப்பு தாளைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. வெளியே வரும் இடத்தில் விசிறி மடிப்பாகச் சிக்கினால் சூட்டு உருளைப் பக்கம் கோளாறு, அது மெக்கானிக் வேலை.

எங்கள் அனுபவத்தில் பாதிக்கு மேல் தாளில்தான் குற்றம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பேப்பர் கட்டைச் சிமென்ட் தரையில் வைத்தால் ஈரம் ஏறும். பலகை மேலோ அலமாரியிலோ, மேலுறை பிரிக்காமல் வையுங்கள். பிரித்த கட்டை பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள். நனைந்த தாளை வெயிலில் காயவைத்துப் போடாதீர்கள், அப்பளம் போல வளைந்துவிடும். போடும் முன் சீட்டுக்கட்டு மாதிரி விசிறி, ஓரம் தட்டிச் சேர்த்துப் போடுங்கள். டிரேயில் ஒரு கோடு இருக்கும், அதற்கு மேல் அடுக்கக் கூடாது. ஏ4 டிரேயில் லீகல் தாளைத் திணிப்பதும், 70 ஜிஎஸ்எம் தாளோடு கெட்டித் தாளைக் கலப்பதும் வேண்டாம்.

சிக்கனம் என்று ஒரு பக்கம் எழுதிய தாளைத் திருப்பிப் போடுகிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் பின் குத்திய தாள், மடங்கிய தாள் வேண்டாம். ஒரு ஸ்டேப்ளர் பின் உள்ளே போனால் டிரம்மில் கீறல் விழும். அந்தச் செலவுக்குப் புதுக் கட்டுகளே வாங்கிவிடலாம்.

உருளையைத் துடைக்க, நூல் உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்து, உருளையைச் சுற்றிச் சுற்றித் துடையுங்கள். கறுப்பாக அழுக்கு வரும். நன்றாகக் காய்ந்த பிறகே டிரேயைப் போட வேண்டும். மண்ணெண்ணெய், தின்னர் கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு ரப்பரைத் தொடாதீர்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமத்தை வெளி மூடியில் வைத்தால் போதும், கண்ணாடிக்கும் டிரேக்கும் வேண்டாம்!

மூலப் பத்திரங்களை மேல் ஃபீடரில் போடாதீர்கள்

இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். பட்டா, பத்திரம், சாதிச் சான்றிதழ், பழைய மதிப்பெண் பட்டியல், மடிப்பில் நைந்த தாள் எதையும் தானாக இழுத்துக்கொள்ளும் மேல் ஃபீடரில் வைக்கக் கூடாது. நகல் தாள் கிழிந்தால் ஒரு ரூபாய் நஷ்டம். ஒரு உறுப்பினரின் மூலப் பத்திரம் கிழிந்தால் அவர் தாலுகா ஆபீசுக்கும் பதிவு அலுவலகத்துக்கும் அலைய வேண்டும், அத்தனை நாள் கூலியும் போகும். மூடியைத் திறந்து கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றாக எடுங்கள். முடிந்ததும் மூடியைத் திறந்து பார்த்து மூலத்தை அவர் கையில் கொடுங்கள். மறந்து கண்ணாடியிலேயே விட்டுப் போவதும் நடக்கிறது.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியது எப்போது?

துடைத்த பிறகும், புதுத் தாள் போட்ட பிறகும் ஒரே இடத்தில் மூன்று முறை சிக்கினால், உருளை கண்ணாடி போல வழுவழுப்பாக இருந்தால், கருகல் வாடை வந்தால், உள்ளே கிழிசல் கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாவிட்டால் கூப்பிடுங்கள். அதற்காக மெஷின் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்கட்டும். தேதி, எங்கே சிக்கியது, என்ன தாள், யார் எடுத்தது, எத்தனை தாள் வீண் என்று எழுதுங்கள். மெக்கானிக் வந்ததும் அதைக் காட்டினால், "எல்லாத்தையும் மாத்தணும்" என்ற பேச்சுக்கு இடம் இருக்காது. மாற்றிய பழைய உருளையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தன்று, கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் மெஷினைத் திறந்து எல்லாப் பாகத்தையும் காட்டுகிறோம். ஒவ்வொரு பஞ்சாயத்திலிருந்தும் இரண்டு பேர் வரவும். ஊக்குநர்தான் வர வேண்டும் என்பதில்லை, படிப்பும் கணக்கில்லை. தையல் மெஷினில் நூல் சிக்கினால் எடுக்கத் தெரிந்தவர்கள் முதலில் வாருங்கள். பழைய பருத்தித் துணி ஒன்று கையோடு கொண்டு வரவும்.