ஒரு வருஷம் போச்சாம்!

மார்ச் பிறந்துவிட்டால் போதும், பெங்களூரு பொம்மசந்திராவில் என்னிடம் பேச்சுப் பயிற்சிக்குப் பிள்ளையை அழைத்து வருகிறவர்களுக்குப் பேச்சு இரண்டாம்பட்சமாகிவிடும். "ஜூன் 1க்கு ஆறு முடியலை மேடம், ஒரு வருஷம் போச்சு" என்பார்கள். கூடவே ஒரு யோசனை. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டு ஓசூரில் ஐந்து வயதிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கே ஒரு வருஷம் ஓட்டிவிட்டு, டி.சி.யோடு வந்து இங்கே இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்துவிடலாம். யார் சொன்னது என்று கேட்டால், கம்பெனி பஸ்ஸில் யாரோ சொன்னார்களாம்.

தமிழ்நாட்டில் ஐந்து வயது என்பது நிஜம்தான். கர்நாடக அரசு ஒன்றாம் வகுப்பில் சேர ஜூன் 1க்குள் ஆறு வயது முடிவது கட்டாயம் என்று 2022இலேயே உத்தரவு போட்டது. பெற்றோர் எதிர்த்ததால் 2025-26 வரை தள்ளிவைத்தது. அந்த வருஷமும் வந்தபோது, யு.கே.ஜி. முடித்த பிள்ளைகளுக்கு 5 வயது 5 மாதம் போதும் என்று அமைச்சர் மது பங்காரப்பா ஒரு முறை மட்டும் சலுகை கொடுத்தார். 2026-27இல் அது கிடையாது என்றும் அப்போதே சொல்லிவிட்டார். இத்தனை அவகாசம் கொடுத்த பிறகும், பிறந்த தேதியை மாற்ற வழி உண்டா என்று கேட்பவர்களை என்ன செய்வது? அந்தப் பொய்த் தேதியைப் பாஸ்போர்ட் வரை சுமக்கப்போவது பிள்ளைதான்.

சரி, அந்த ஒரு வருஷம் எங்கே போகிறது? 2020 ஆகஸ்டில் பிறந்த பிள்ளை 2027 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்கிறது. 2039 மார்ச்சில் பி.யு.சி. முடிக்கும்போது வயது பதினெட்டரைக்குச் சற்று மேல். நீட் எழுதக் குறைந்தது 17 வயது வேண்டும், மேல்வரம்பு இல்லை. ஜே.இ.இ. மெயினுக்கு வயது வரம்பே இல்லை. ஐ.ஏ.எஸ். தேர்வைப் பொதுப்பிரிவினரே 32 வரை எழுதலாம். ராணுவ அகாடமியான என்.டி.ஏ.வுக்கு மட்டும் பத்தொன்பதரை என்ற வரம்பைக் கவனிக்க வேண்டும். யு.கே.ஜி. பிள்ளையை ராணுவத்துக்கு அனுப்ப இப்போதே முடிவெடுத்துவிட்டீர்களா?

ஓசூர் குறுக்குவழியில் இரண்டாம் வகுப்புக்கு வந்த ஒரு பையனை என்னிடம் அழைத்து வந்தார்கள். வகுப்பில் வாயே திறப்பதில்லையாம், திக்குவாயோ என்று அம்மாவுக்குப் பயம். மெட்ரோ ரயிலைப் பற்றிக் கேட்டேன். மஞ்சள் வழித்தட ஸ்டேஷன்களை ஒன்று விடாமல் தமிழில் அடுக்கினான். ஒரு திக்கல் இல்லை. பென்சிலைக் கொடுத்தால் கரண்டியைப் பிடிப்பதுபோல் முழுக் கையால் பிடித்து நாலு கோடு நோட்டைக் கிழித்தான். கூடப் படிப்பவர்கள் ஏறக்குறைய ஒரு வயது மூத்தவர்கள். "பாத்ரூம் போகணும்னு எப்படிக் கேட்கணும்னு தெரியலை ஆன்ட்டி" என்றான். அவனுக்குத் தேவைப்பட்டது பயிற்சி அல்ல, அந்த ஒரு வருஷம்.

அந்த ஒரு வருஷத்தின் பலனை ஆராய்ந்தவர்களும் உண்டு. டென்மார்க்கில் ஆய்வாளர்கள் தாமஸ் டீயும் ஹான்ஸ் சீவர்ட்சனும் செய்த ஆய்வு 2015இல் வந்தது. ஒரு வருஷம் தாமதமாகப் பள்ளி சேர்ந்த பிள்ளைகளிடம் ஏழு வயதில் கவனச்சிதறல் குறைவாக இருந்தது. பதினோரு வயதிலும் அந்த வித்தியாசம் தெரிந்தது.

உடனே எதிர்ப்பக்கம் தாவவும் வேண்டாம். வயதில் மூத்த பிள்ளைதான் கடைசிவரை முதல் ரேங்க் எடுக்கும் என்பதும் கதை. ஆரம்ப வகுப்புகளில் இருக்கும் அந்த அனுகூலம் போகப்போகக் குறைந்துவிடும். அந்தப் பையனைப் பார்த்து, வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்றால் பிள்ளை குழம்பிவிடும் என்று நினைப்பதும் வீண் பயம். மழலை ஆங்கிலத்துக்காக வீட்டுத் தமிழை நிறுத்துகிறீர்களே, அங்கேதான் பேச்சு வறண்டுபோகிறது. பாட்டியிடம் கதை கேட்கிற பிள்ளைக்கு இருக்கும் சொல்வளம் யூடியூப் பார்க்கிற பிள்ளைக்கு வராது. இதை நான் சொல்லாத நாள் இல்லை, கேட்பாரும் இல்லை.

ஒன்றே ஒன்றில் மட்டும் காத்திருப்பு ஆபத்து. "பேச்சு லேட்டுதான், அவங்க அப்பாவும் அப்படித்தான், ஒரு வருஷம் வீட்டிலேயே இருக்கட்டும்" என்கிறீர்கள். பள்ளியைத் தள்ளிப்போடுவது வேறு, சிகிச்சையைத் தள்ளிப்போடுவது வேறு. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்து, காது மந்தமாகியிருக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால் காதுப் பரிசோதனை செய்யுங்கள். பெங்களூரில் நிமான்ஸ் மருத்துவமனை இருக்கிறது, மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இருக்கிறது, மாவட்ட ஆஸ்பத்திரிகளில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. ஒன்றாம் வகுப்பு ஆறு வயது வரை காத்திருக்கும். காதுப் பரிசோதனைக்கு இந்த வாரமே போங்கள்.